பேரிங் வண்டி செய்வோம், பிரேக்கில் இருந்து

பேரிங்குகளையே சக்கரமாக மாட்டி, உட்கார்ந்து இறக்கத்தில் ஓட்டும் பலகை வண்டிதான் பேரிங் வண்டி. பேரிங் தேடி ஓடுவதற்கு முன்னால் பிரேக்குக்கு இரண்டு நல்ல கட்டை எடுத்து வையுங்கள். குமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் திரும்பின இடமெல்லாம் இறக்கம்தான். வண்டி தானாக ஓடிவிடும். அதை நிறுத்துவதுதான் வேலை. மே மாத லீவுக்கு வரும் அக்கா பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதும் அதுதான்: "மக்களே, பிரேக் பிடிக்காத வண்டியில் மாமா யாரையும் ஏற்ற மாட்டேன்."

மூன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஒரு இஞ்ச் கனத்தில் பலகை வேண்டும். அயனிப் பலகை கிடைத்தால் பல வருஷம் நிற்கும். ரப்பர் மரம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மருந்து ஏற்றாததில் சீக்கிரம் வண்டு விழும். ஒரு லீவுக்கு அது போதும். அச்சுக்கு இரண்டுக்கு இரண்டு இஞ்சில், இரண்டரை அடி நீளத்தில் இரண்டு கட்டை.

பேரிங்கை மோட்டார் ரீவைண்டிங் கடையிலோ ஆக்கர் கடையிலோ (பழைய இரும்புக் கடை) கேளுங்கள். 6206 என்று பொறித்ததாக நான்கு வாங்கினால் நல்லது. அதன் உள்துளை 30 மி.மீ., வெளி விட்டம் 62 மி.மீ. எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை அளவு வரும் என்று காட்டிக்கொடுங்கள்; அப்புறம் பிள்ளைகளே கடையில் பொறுக்கி எடுப்பார்கள். (04-இல் இருந்துதான் இந்தக் கணக்கு. 6203-இன் துளை 17 மி.மீ.)

அச்சுக்கட்டையின் முனைகளைப் பேரிங் நுழையும்படி உருட்டாகச் செதுக்க வேண்டும். உளி வேலை பெரியவர்களுக்கு. அளந்து கோடு போடுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் பிள்ளைகளுக்கு. உருட்டைக் கட்டையின் நடுவில் எடுக்காமல் அடிப்பக்கத்தை ஒட்டி எடுங்கள். நடுவில் எடுத்தால் பேரிங்குக்குக் கீழே அரை விரல் இடைவெளிகூட இருக்காது, கட்டை ரோட்டில் உரசும். உருட்டு 30 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கட்டும். பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் பொருந்தும் குழாய்த்துண்டை வைத்துத் தட்டி இறக்குங்கள். வெளிவளையத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் குண்டு கெட்டுப்போகும். பேரிங்குக்கும் கட்டைக்கும் நடுவே உள்வளையத்தை மட்டும் தொடும் சின்ன வாஷர் ஒன்று, வெளியே கழன்று வராமல் இருக்க முனையில் வாஷரோடு ஒரு ஸ்க்ரூ.

பின்னச்சை இரண்டு போல்ட்டில் அசையாமல் முறுக்குங்கள். முன்னச்சுக்கு நடுவில் ஒரே போல்ட், பலகைக்கும் கட்டைக்கும் இடையே பெரிய வாஷர், அடியில் இரட்டை நட். அச்சு ரொம்பத் திரும்பினால் வண்டி கவிழும். இரு பக்கமும் பலகையில் தடுப்புக்கட்டை அடித்துவிடுங்கள். திருப்புவது காலால். கயிற்றைக் கொடுத்தால் கை இரண்டும் அதில் மாட்டிக்கொள்ளும், பிரேக்குக்குக் கை இருக்காது. கயிறு வண்டியை மேட்டுக்கு இழுக்க மட்டும்.

இனி பிரேக். உட்காரும் இடத்துக்கு முன்னால், பலகையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டை, ஒவ்வொரு போல்ட்டில் ஆடும்படி. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். போல்ட்டுக்குக் கீழே உள்ளதைப் போல மூன்று மடங்கு நீளம் மேலே இருந்தால் எட்டு வயசுப் பிள்ளையின் கைப்பலமே போதும். கட்டையின் தலை முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் இழுத்ததும் அடிமுனை இறங்கி ரோட்டில் அழுந்த வேண்டும். அந்த முனையில் பழைய ஸ்கூட்டர் டயர்த் துண்டை ஸ்க்ரூ போட்டு முறுக்குங்கள். வீட்டில் ரப்பர் ஷீட் கிடக்கிறதே என்று அதை வெட்டி வைக்காதீர்கள். அது வேகவைக்காத பச்சை ரப்பர், சூட்டில் இளகிவிடும். டயர் ரப்பர் கந்தகம் சேர்த்து வேகவைத்தது, தாங்கும்.

முதலில் சமதரையில் தள்ளிவிட்டு, பிரேக் இரண்டும் ஒன்றுபோல் பிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இறக்கம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணி டியூப்பை வாங்கி, மேலிருந்து கீழ்வரை எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். வேகத்துக்கு மேல்வரம்பு போடுவது அந்த உயரம்தான், ரோட்டின் நீளம் அல்ல. ஒன்றரை அடி தாழ்ந்தால் அதிகபட்சம் மணிக்கு 11 கி.மீ. சுமார், ஒரு மீட்டர் தாழ்ந்தால் 16. உராய்வு அதில் கொஞ்சம் தின்னும். தொடக்கத்துக்கு ஒன்றரை அடியே தாராளம். இஞ்சின் இல்லாமல் எப்படி ஓடும் என்று கேட்கும் பிள்ளையை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போங்கள். மோட்டார் எதுவும் இல்லாமல் சரிவு ஒன்றை நம்பியே அங்கே தண்ணீர் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் போகிறது.

மண்ணில் பேரிங் புதையும், காங்கிரீட் பாதைதான் சரி. பாதையின் அடி மெயின்ரோட்டிலோ குளத்திலோ போய் முடியக் கூடாது. காலையில் ரப்பர் பால் ஏற்றிய பைக்குகள் வரும், அந்த நேரம் வேண்டாம். மழை விட்ட நாளும் வேண்டாம், பாசி வழுக்கும். ஹெல்மெட்டும் ஷூவும் கட்டாயம். ஒரு பெரியவர் கீழே நிற்க வேண்டும். அவர் கை காட்டின பிறகுதான் வண்டி புறப்படலாம்.

லீவு முடிந்ததும் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவி மூடி வையுங்கள். ஜூன் மழையில் வெளியே கிடந்தால் துரு ஏறிவிடும்.