கோத்தகிரிக் குளிரில் உறை ஊற்றுவது

மதுரையில் இருந்தவரை தயிருக்கு உறை ஊற்றுவதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. படுக்கப் போகும்முன் பாலில் ஒரு கரண்டி மோரை விட்டு மூடினால் விடிந்ததும் தயிர். கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த முதல் டிசம்பரில் எட்டு நாள் தொடர்ந்து, காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "உறையைக் கூடக் கொஞ்சம் ஊத்துடி" என்றாள். ஊற்றினேன். புளித்த பால் கிடைத்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்னதும் நானாகக் கெடுத்துக் கற்றதும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக்காரர்களுக்கும் குளிர்நாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் உதவும்.

அரை லிட்டர் பால் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பால் என்றால் கொழுப்பு எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கும். 3 சதவீதத்துப் பால் இளகிய தயிராகத்தான் வரும், 4.5, 6 என்றால் கெட்டியாக வரும். பொங்கியதும் அடுப்பை அணைக்காதீர்கள். சிம்மில் வைத்து அவ்வப்போது கிண்டியபடி 10 நிமிடம் விடுங்கள். நன்றாகச் சூடேறும்போது பாலில் இருக்கிற ஒருவகைப் புரதம் குலைந்து மற்றதோடு ஒட்டிக்கொள்கிறது. அதுதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். இதைச் செய்யாத தயிரில் கரண்டி போட்ட இடத்தில் குளம் கட்டிவிடும்.

அடுத்தது ஆற வைப்பது. என் எட்டு நாள் தோல்வியும் இங்கேதான். மதுரையில் "வெதுவெதுப்பு" என்று அம்மா சொன்ன சூட்டில் உறை ஊற்றினால் அங்கே ராத்திரி முழுக்க அந்தச் சூடு நிற்கும். இங்கே என் சமையலறை ராத்திரி 11 டிகிரிக்கு இறங்கும். உறையில் இருக்கிற கிருமிகள் அந்தக் குளிரில் தூங்கிப்போகும். அதனால் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 42 டிகிரி. இல்லையென்றால் சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து வரை எண்ணுங்கள். பத்து எண்ணும்போது விரலை எடுக்கலாமா என்று தோன்ற வேண்டும், ஆனால் சுடக்கூடாது. ஐந்திலேயே எடுத்துவிட்டீர்களென்றால் பொறுங்கள். அந்தச் சூட்டில் ஊற்றினால் உறை செத்துவிடும்.

அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை போதும். கூட ஊற்றினால் சீக்கிரம் உறையும் என்பது என் அம்மாவின் நம்பிக்கை; சீக்கிரம் புளிக்கும் என்பது என் அனுபவம். உறையை முதலில் கிண்ணத்தில் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, பாலில் விட்டு, டீ ஆற்றுவதுபோல் இரண்டு தடவை மாற்றி ஊற்றுங்கள். அப்புறம் பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் பாதி புதைத்து மேலே கம்பளி போர்த்தி விடுங்கள். அரிசி சூட்டை விடாது. மண்சட்டியில் தோய்த்தால் சட்டி தண்ணீரை உறிஞ்சித் தயிரைக் கெட்டியாக்கும். இலங்கையில் எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிக் கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவார்களே, அந்தக் கெட்டிக்கு எருமைப் பாலின் கொழுப்போடு சட்டியும் காரணம்.

8 மணி நேரம் ஆகும், சில நாள் 10. நடுவில் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

இனி உறையைப் பற்றி. சாப்பிட எடுக்கும்முன் முதல் கரண்டியை அடுத்த உறைக்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். நாள் முடிவில் மிஞ்சியதை உறையாக்கினால் ஒவ்வொரு நாளும் புளிப்பு ஏறும். அக்கா வீட்டில் உறை தீர்ந்ததே கிடையாது, மாமியார் காலத்திலிருந்து அதே உறை என்பார். பகலில் டம்ளரில் கொடுத்தனுப்புவார். விளக்கு வைத்தபின் கேட்டால் "காலையில வா" என்பதோடு சரி.

இதே நீலகிரி மலையின் பழங்குடிகளான தோடர்கள் இதை எவ்வளவு பெரிதாக வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எருமைப் பால் கடையும் பால்மனையே அவர்களுக்குக் கோவில், அங்கே பால் கறந்து கடைபவரே பூசாரி. முந்தைய மோரைப் புதுப்பாலில் விட்டு உறைய வைப்பார்கள். அந்த உறைமோருக்குப் 'பெப்' என்று பெயர். புதிதாகப் பெப் உண்டாக்க வேண்டி வந்தால் அதற்கென்று தனிச் சடங்கே இருந்தது. 1906இல் வெளியான தன் நூலில் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பல்கேரியர்களும் அப்படித்தான், உறையைப் பரம்பரையாகக் காத்தவர்கள். ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மருத்துவ மாணவர் ஊர்த் தயிரை ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் 1905இல் அதிலிருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். அதனால்தான் அதன் பெயரிலேயே பல்கேரியா இருக்கிறது. நம் வீட்டு உறையில் அது ஒன்று மட்டும் இருக்காது, பல கிருமிகள் கலந்திருக்கும். வீட்டுக்கு வீடு தயிர் ருசி மாறுவது அதனால்தான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உலகத்தில் பெரியவர்களாகிவிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பால் சர்க்கரையைச் சரியாகச் செரிக்கும் திறன் குறைவு. மங்கோலியர்களில் அந்தத் திறன் உள்ளவர்கள் ரொம்பக் கொஞ்சம், ஆனாலும் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலில்தான் வாழ்கிறார்கள். புளிக்க வைத்து, உறைய வைத்து, கூடாரத்தின் மேல் காயவைத்து. காய்ந்த பாலைத் தோல்பையில் தண்ணீரோடு போட்டுக் குதிரையில் தொங்கவிட்டால் சவாரியிலேயே கரைந்துவிடும் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரிசிப் பானை இல்லாதவர்களின் வழி அது.

சரி, கோளாறுகள். தயிர் நூல் நூலாகக் கொழகொழவென்று வந்தால் பால் ஆறிப்போன பிறகு உறை ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது உறையே கெட்டிருக்கிறது. அந்தத் தயிரை உறைக்கு எடுக்காதீர்கள், யாரிடமாவது புதிதாக வாங்குங்கள். காலையில் உறையவே இல்லையென்றால் கொட்ட வேண்டாம்: பாத்திரத்தை வெந்நீர் நிரப்பிய அண்டாவில் இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள், பாதித் தடவையாவது பிழைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கம்பளியும் வேண்டாம், அரிசிப் பானையும் வேண்டாம். உறைந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும்.

உறை கேட்க யாருமே இல்லாத ஊரில் இருந்தால், காம்போடு நான்கு பச்சை மிளகாயை வெதுவெதுப்பான பாலில் போட்டு இதேபோல் புதைத்து வையுங்கள். காம்பில் இருக்கிற கிருமியே உறைய வைக்கும். முதல் நாள் வருவது தளதளவென்று காரவாசனையோடு இருக்கும், அதைச் சாப்பிட வேண்டாம். அதில் ஒரு டீஸ்பூன் எடுத்து மறுநாள் பாலில் விடுங்கள். மூன்றாம் தடவை வருவதைச் சோற்றில் பிசையலாம்.