ஜாப் ஒர்க்கிலிருந்து நேரடி ஏற்றுமதிக்கு: ஆம்பூர் பக்கத்துச் சின்ன ஷூ யூனிட்டுகளுக்கு ஒரு செய்முறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காடு முழுக்க, பெரிய கம்பெனிகளுக்கு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுத்தே காலம் தள்ளும் யூனிட்டுகள் ஏராளம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இப்போது எங்கள் பெயரிலேயே ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிறோம். தைக்கத் தெரிந்தவர்களுக்குத் தையல் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வெளியே உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

1. முதலில் நாடு, அப்புறம் பையர்

பலரும் யார் ஆர்டர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் சோதனை வேறு, லேபிள் வேறு, அளவு வேறு. சின்ன யூனிட்டால் இரண்டு மூன்று நாட்டு விதிகளை ஒரே நேரத்தில் சுமக்க முடியாது. ஒரு நாட்டைப் பிடியுங்கள், அதன் விதியை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள், கை பழகியதும் அடுத்த நாட்டுக்குப் போங்கள்.

அதற்காக ஒரே நாட்டிலேயே தங்கிவிடவும் கூடாது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, அமெரிக்காவை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நம் ஊரில் எல்லோரும் பார்த்தோம். முதல் நாட்டில் ஆர்டர் ஓடத் தொடங்கியதுமே இரண்டாவதற்குச் சாம்பிள் போட ஆரம்பிப்பதே என் வழி. அமீரகத்துடன் 2022 மே முதலும், ஆஸ்திரேலியாவுடன் அதே வருஷம் டிசம்பர் 29 முதலும் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. ஆனால் சரக்கு இந்தியாவில் செய்ததுதான் என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் இல்லாமல் அந்த வரிச்சலுகை பையருக்குக் கிடைக்காது.

நாட்டைத் தேட நான் பயன்படுத்துவது இரண்டே தளங்கள். எந்த நாடு எதை எவ்வளவு வாங்குகிறது என்று பார்க்க ட்ரேட் மேப். ஐரோப்பாவின் வரியையும் விதியையும் பார்க்க, ஐரோப்பிய ஒன்றியமே நடத்தும் ஆக்செஸ் டூ மார்க்கெட்ஸ். ஹெச்எஸ் கோடு (சரக்கு வகையைக் குறிக்கும் உலகப் பொது எண்) தெரிந்தால் போதும். தோல் அப்பர் வைத்த ஷூவுக்கு 6403. காசு கொடுத்து 'பையர் லிஸ்ட்' வாங்காதீர்கள். அந்தப் பணத்தைச் சாம்பிள் கூரியருக்கு வையுங்கள்.

2. காகித வேலை

டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி அடையாள) எண், கட்டணம் 500 ரூபாய். வங்கியிடம் ஏடி கோடு (அந்நியச் செலாவணி கையாளும் அந்த வங்கிக் கிளையின் எண்) வாங்கிச் சரக்கு போகும் துறைமுகத்தில் பதிவு செய்யுங்கள். தோல் ஏற்றுமதிக் கழகத்தில் உறுப்பினராகுங்கள். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்யுடி (உறுதிமொழிக் கடிதம்) போடுங்கள், அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்டே சொல்லிக் கொடுப்பார்.

3. குரோமியம் ஆறு (Cr-6)

எங்கள் சரக்கு நின்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் டேனரிகளில் பெரும்பாலும் குரோம் பதனிடல்தான். அதில் போடுவது குரோமியம் மூன்று, அதில் சிக்கல் இல்லை. பதனிட்ட பிறகு சூடு, வெயில், தோலுக்கு ஏற்றும் சில எண்ணெய்கள் ஆகியவற்றால் அதில் ஒரு பகுதி குரோமியம் ஆறாக மாறிவிடும். அது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஐரோப்பாவின் ரீச் (ரசாயனக் கட்டுப்பாடு) விதிப்படி, உடம்பில் படும் தோலில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டிவிட்டாலே விற்க முடியாது. 2015 மே 1 முதல் இது நடப்பில் இருக்கிறது.

எங்கள் அப்பர் தோலுக்கு டேனரி கொடுத்த ரிப்போர்ட் பாஸ். பையர் முழு ஷூவையும் சோதித்தபோது லைனிங் பெயில். லைனிங் தோல் வேறு இடத்தில் வாங்கியது, அதற்குத் தனி ரிப்போர்ட் யாரும் கேட்கவில்லை. பல மாதம் பணம் முடங்கியது.

ஆகவே அப்பர், லைனிங், உள்ளே ஒட்டும் சாக் மூன்றுக்கும் தனித்தனியாக, லாட் வாரியாக ரிப்போர்ட் கேளுங்கள். இரண்டாவது, சோதனைக்கூடத்தில் 'ஏஜிங் செய்த பிறகு' சோதிக்கச் சொல்லுங்கள். தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டுச் சோதிப்பார்கள். நேரடியாகச் சோதித்தால் பாஸாகும் தோல் இதில் பெயிலாகலாம். தகரக் கூரைக் குடோனில் வேலூர் மே மாத வெயிலைத் தாங்கி, பிறகு கன்டெய்னரில் வாரக்கணக்கில் போகிற தோலுக்கு இந்தச் சோதனைதான் பொருந்தும். மூன்றாவது, டேனரிக்காரரிடம் பேசும்போதே ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சரக்குப் போட்டிருக்கிறாரா, ரீடேனிங்கில் (மறுபடி பதனிடும்போது) தாவரப் பட்டைச் சாறு சேர்க்கிறாரா என்று கேளுங்கள். இரண்டுமே உதவும்.

வெளிநாட்டு விதி நம் ஊரைப் புரட்டிப் போடுவது புதிதல்ல. 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தபோது, அதைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்திவந்த நம் டேனரிகள் வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. பையர் நாட்டுச் செய்தியைப் படிப்பதும் நம் வேலையில் ஒரு பகுதிதான்.

4. லேபிள், அளவு, பெட்டி

ஐரோப்பாவில் அப்பர், லைனிங்கும் சாக்கும், சோல் ஆகிய மூன்றும் எதனால் ஆனவை என்று ஷூவிலேயே படக்குறியாகவோ எழுத்தாகவோ காட்ட வேண்டும். அளவில், நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் எண் ஒன்றுக்கு ஒன்று அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஐரோப்பிய எண்ணுக்கோ செ.மீ.யில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டும் சரியாகப் பொருந்தாது. ஆகவே மாற்று அட்டவணையை நம்பாமல் பையர் ஏற்றுக்கொண்ட லாஸ்ட்டிலேயே (கால் வடிவ அச்சிலேயே) போடுங்கள்.

பூஞ்சைக்குப் பெட்டிக்குள் போடும் பாக்கெட்டில் சிலிக்கா ஜெல் மட்டுமே இருக்கட்டும். டைமெத்தில் ஃப்யூமரேட் கலந்த பாக்கெட் 2009 முதல் ஐரோப்பாவில் தடை. பாக்கெட் விற்பவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

5. விலையும் பணமும்

முதல் சில ஆர்டர்களுக்கு எஃப்ஓபி சென்னை (சென்னையில் கப்பலில் ஏற்றும் வரை மட்டும் நம் செலவு) என்றே விலை சொல்லுங்கள். செங்கடல் தாக்குதலால் 2023 கடைசியிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் கப்பல் வாடகை எகிறியது. கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து சிஐஎஃப் விலை பேசியிருந்தவர்கள் அதைத் தாங்களே சுமந்தார்கள். டிடிபி கேட்டால் தயங்காமல் மறுங்கள். அங்கே போய் வரி கட்டிச் சரக்கை எடுத்துக் கொடுப்பதெல்லாம் நம் தலையில் விழும்.

புது பையரிடம் 30 சதவீதம் முன்பணம், மீதிக்கு சைட் எல்சி (ஆவணத்தைக் காட்டியதும் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதிப் பத்திரம்). அதற்குக் குறைந்து இறங்காதீர்கள். எல்சி வந்ததும், கப்பல் கடைசித் தேதி, சரக்கு விவரம், நம் கம்பெனி பெயரின் எழுத்துகள் மூன்றையும் பாருங்கள். பான் கார்டில் ஒரு விதமாகவும் எல்சியில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் தோல் வெட்டும் முன்பே திருத்தம் கேளுங்கள். வேறு தேதி சொல்லியிருக்காவிட்டால், கப்பல் ஏற்றிய 21 நாளுக்குள் வங்கியில் ஆவணம் கொடுக்க வேண்டும். கடனுக்குக் கொடுக்கத் தொடங்கும் அன்றே பையர் பணம் தராவிட்டால் கைகொடுக்கும் ஈசிஜிசி (அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம்) காப்பீடு எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் பேரணாம்பட்டிலிருந்து ஒருவர், ஐஇசி திடீரென்று செயலிழந்துவிட்டதாக எழுதியிருந்தார். ஏப்ரல் முதல் ஜூன் வரை, விவரம் எதுவும் மாறாவிட்டாலும், டிஜிஎஃப்டி தளத்தில் போய் வருஷா வருஷம் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடங்கும், ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் போட முடியாது. முடங்கிவிட்டாலும் அதே தளத்தில் விவரத்தைப் புதுப்பித்துத் திரும்பப் பெறலாம். எல்யுடியும் ஏப்ரலில்தான் வருகிறது, இரண்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.