வீட்டிலேயே உடற்பயிற்சி: எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது

வீட்டில் உடற்பயிற்சி செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்யணும்?" என்பதுதான். எவ்வளவோடு நிறுத்தணும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் சிலருக்கு உடற்பயிற்சியே விட முடியாத அடிமைத்தனமாகிவிடுகிறது. ஜிம் என்றால் கதவை மூடும் நேரம் ஒன்று உண்டு, "இன்னைக்கு இது போதும்" என்று சொல்ல ஒரு பயிற்சியாளராவது இருப்பார். வீட்டில் இரண்டும் கிடையாது. அதனால் அட்டவணை போடும்போதே எல்லையையும் சேர்த்துப் போட்டுவிடுவோம்.

படி 1: இரண்டு எண்களை எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இதுவரை உட்கார்ந்தே இருந்தவருக்கு முதல் வாரத்திலேயே 150 வேண்டாம். குறைந்தபட்சம் 2 நாள், அதிகபட்சம் 4 நாள், நாளுக்கு 20 நிமிடம் என்று தொடங்குங்கள். மேல் எண்ணைத் தாண்டினால் அதுவும் திட்டத்தை மீறியதுதான்.

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுப் பிரச்சினை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: அந்த 20 நிமிடம்

முதல் 5 நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, தோள்களைச் சுழற்றுவது. அப்புறம் நான்கே பயிற்சிகள்.

முதலாவது நாற்காலி ஸ்குவாட். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதற்கு முன்னால் தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து நில்லுங்கள். முதலில் இடுப்பு பின்னால் போகட்டும், பிறகு முழங்கால் மடியட்டும். மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்கி, நாற்காலியை லேசாகத் தொட்டவுடன் மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயவும் கூடாது. தொப்பென்று உட்கார்ந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாவது, சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப். மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை. நான்காவது, முழங்கால் ஊன்றிய பிளாங்க், அதாவது முன்கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி உடலை நேராக அப்படியே வைத்திருப்பது, 15 விநாடி. ஒரு நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. கடைசியில் மூச்சு சீராகும்வரை மெல்ல நடங்கள். பயிற்சியின்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

படி 3: ஏற்றுவது

10 தடவை சுலபமாக வந்தால் 12 ஆக்குங்கள். எண்ணிக்கை, சுற்று, நாள் மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்ற வேண்டாம். மறுநாள் தசைகளில் பரவலாக வரும் வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம் என்றால் நிறுத்துங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தாலும், கடும் தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 4: ஓய்வு நாள்

தசை வலுப்பெறுவது பயிற்சிக்குப் பிந்தைய ஓய்வில்தான். அதோடு, பழக்கத்தின் பிடி எப்படி இருக்கிறது என்று காட்டுவதும் ஓய்வு நாள்தான். பேக்லண்ட் என்ற ஆய்வாளர், பயிற்சியை ஒரு மாதம் விட்டால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க நினைத்தார். முடிவுகள் 1970-இல் வெளிவந்தன. கிட்டத்தட்ட தினமும் பயிற்சி செய்தவர்கள் பணம் தருகிறேன் என்றாலும் நிறுத்த மறுத்துவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் செய்பவர்களை வைத்துத்தான் ஆய்வை முடிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது.

படி 5: மாதம் ஒருமுறை உங்களையே கேளுங்கள்

உடற்பயிற்சி அடிமைத்தனமாக மாறுகிறதா என்று பார்க்க, டெரி, சாபோ, கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004-இல் ஆறே வாக்கியங்களில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதன் சாரத்தை என் வார்த்தைகளில் தருகிறேன். வாழ்க்கையில் வேறு எதையும்விட இதுதான் முக்கியமாகிவிட்டதா? இதனால் வீட்டில் சண்டை வருகிறதா? மனநிலையை மாற்றிக்கொள்ள இதைத்தான் நாடுகிறீர்களா? போன மாதத்து அளவு இப்போது போதவில்லையா? ஒரு நாள் தவறினால் எரிச்சலும் குற்ற உணர்வும் வருகிறதா? குறைத்துப் பார்த்து மீண்டும் பழைய அளவுக்கே போய்விடுகிறீர்களா?

இதில் எத்தனை மணி நேரம் என்ற கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? தினமும் நான்கு மணி நேரம் பயிற்சி செய்யும் வீரர், பயிற்சியாளர் சொன்னால் நிறுத்திவிடுவார். இன்னொருவர் அரை மணி நேரம்தான் செய்கிறார். ஆனால் காய்ச்சலிலும், வீட்டாருக்குத் தெரியாமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்குவாட் எண்ணுகிறார். நான் கவலைப்படுவது இவருக்காகத்தான். மறைத்துச் செய்யத் தொடங்கிவிட்டால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்டதற்குக் கணக்குத் தீர்க்கச் செய்வதும் அப்படித்தான். அதற்குப் பின்னால் உணவுக் கோளாறு இருக்கக்கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 நோய்ப் பட்டியலில் சூதாட்டம் அடிமைத்தனமாக இடம்பெற்றது, உடற்பயிற்சி இடம்பெறவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அவதி இல்லாமல் போய்விடாது.

படி 6: பிடி இறுகியிருந்தால்

கைபேசியில் உள்ள உடற்பயிற்சி ஆப்பில் "தொடர்ந்து இத்தனை நாள்" என்று காட்டும் எண்ணிக்கையையும் நினைவூட்டல்களையும் அணைத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பயிற்சியை எடுத்துவிட்டு, கடிகாரம் இல்லாமல் யாரோடாவது பேசிக்கொண்டு நடங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் ஓய்வைக்கூடத் தாங்க முடியவில்லையென்றால் மனநல ஆலோசகரிடம் போகலாம். தவறிய நாளில் மனநிலை எப்படி இருந்தது, தூக்கம், சாப்பாடு, காயத்தோடு செய்த தடவைகள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரேயடியாக விடச் சொல்வார்களோ என்று பயந்து பலர் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். காயம் ஆறும்வரை, உடல் தேறும்வரை சில காலம் நிறுத்தச் சொல்லலாம். அதற்கப்புறம் பெரும்பாலும் நோக்கம், மதுவைப்போல முழுதாக விடவைப்பதல்ல. அளவான பயிற்சிக்குத் திரும்ப உதவுவதுதான்.