காவலர் தேர்வில் தாமதமும் தகராறும்: உயர் நீதிமன்றத்தை அணுகும் முன்பும் பின்பும்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதி, ஓட்டமும் கயிறு ஏறுதலும் முடித்து, இறுதிப் பட்டியலுக்காகவோ நியமன ஆணைக்காகவோ காத்திருப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் பெயர் இடம்பெற்றுவிட்டதாலேயே வேலை உறுதியாகிவிடுவதில்லை. 1991-இல் சங்கர்சன் தாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது. அதே தீர்ப்பில், காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு அரசிடம் நியாயமான காரணம் இருக்க வேண்டும், தன்னிச்சையாக நடந்துகொள்ளக் கூடாது என்றும் கூறியது. ஆகவே, ‘தாமதமாகிவிட்டது’ என்ற வேதனையை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. எந்த விதி மீறப்பட்டது, அந்த மீறலால் உங்களுக்கு என்ன இழப்பு நேர்ந்தது என்று சுட்டிக்காட்ட முடிந்தால்தான் நிற்கும்.

எனவே உங்கள் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். தேர்வு தொடங்கிய பிறகு தகுதி விதியை மாற்றினார்கள் என்றால் உங்கள் நிலை வலுவானது. அறிவிப்போ விதிகளோ இடம் தராத நிலையில் இடையில் விதியை மாற்றக் கூடாது என்பதை 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மீண்டும் உறுதி செய்தது. விடைக்குறிப்பில் தவறு என்றால் வழி குறுகியது. விடை தவறு என்பது நீண்ட விளக்கம் இல்லாமலே வெளிப்படையாகத் தெரிந்தாலன்றி நீதிமன்றம் தலையிடாது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவர்களுக்கே என்பது 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில் சொல்லப்பட்டது. ஆகவே தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும், ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்த நாட்களுக்குள், பாடநூல் பக்கத்தின் நகலோடு ஆட்சேபத்தை அனுப்பிவிட வேண்டும்.

உடற்கூறு அளத்தலில் எழும் தகராறு இன்னும் நுணுக்கமானது. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் தேவை என்னும்போது, அரை சென்டிமீட்டரில் ஒருவரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகிவிடும். எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்திலோ வேறு மையத்திலோ அளவில் ஐயம் இருந்தால், மைதானத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே மறு அளவு கோரி எழுத்தில் கொடுங்கள். வாங்க மறுத்தால், அன்றே தேர்வாணையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனையில் உயரத்தை அளந்து சான்று பெறுவதும் உதவும். அந்தச் சான்று பல வாரம் கழித்து வாங்கியதாக இருந்தால் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

முன்னடத்தைச் சரிபார்ப்பில்தான் சென்னைப் பிள்ளைகள் பலர் சிக்குகிறார்கள். தெருச் சண்டையில் போட்ட ‘செவன்ட்டி ஃபைவ்’ கேஸில் (சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு வழக்கு) அபராதம் கட்டிவிட்டு மறந்துபோனவர், படிவத்தில் ‘வழக்கு எதுவும் இல்லை’ என்று எழுதிவிடுவார். வழக்கு சிறியதாக இருந்தாலும் மறைத்தது பெரிதாகிவிடும். 2016-இல் அவதார் சிங் வழக்கில், அற்பமான வழக்கை மறைத்திருந்தால் அதன் தன்மையைக் கருதி மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆனால் அது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. உரிமையாகக் கேட்க முடியாது. விடுதலையானதையும் சேர்த்து அனைத்தையும் எழுதுங்கள். சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலையைத் தமிழகக் காவல் பணி விதிகள் முழு விடுதலையாகக் கருதுவதில்லை என்பதால், தீர்ப்பின் நகலைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

தமிழ்நாட்டில் பணி வழக்குகளுக்கெனத் தனி நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. எனவே அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். அதற்கு முன்பாகத் தேர்வாணையத்திடம் எழுத்தில் கோரிக்கை வைத்திருக்க வேண்டும். விவரம் தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகல், உங்கள் இனச்சுழற்சிப் (இடஒதுக்கீட்டு) பிரிவில் எத்தனை இடங்கள், கட்-ஆஃப் எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘ஏன் தாமதம்’ என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் வராது.

கோரிக்கை மனு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும்’ என்ற உத்தரவை வாங்கிக்கொண்டு வெற்றி பெற்றதாக மகிழ்பவர்கள் உண்டு. காலம் கடந்த கோரிக்கைக்கு அந்தப் பரிசீலனை புதிய உயிர் தருவதில்லை என்று சி.ஜேக்கப் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தவர் வழக்கு வென்ற பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று வேலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் நிவாரணம் கிடைப்பது அரிது.

தம்புச் செட்டித் தெருவிலோ அரண்மனைக்காரன் தெருவிலோ வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அறிவிப்பாணை, நுழைவுச்சீட்டு, மதிப்பெண் விவரம், சாதிச் சான்றிதழ், தமிழ்வழிக் கல்விச் சான்று, நீங்கள் அனுப்பிய மனுக்களின் ரசீதுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். வெளியான பட்டியலை எதிர்ப்பதானால், அதில் உள்ள சிலரையாவது எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முழுத் தேர்வுக்கும் தடை கேட்பதைவிட, உங்களை அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கும்படியோ ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்கும்படியோ இடைக்கால உத்தரவு கேட்பது பலன் தரும். மற்ற ஆயிரக்கணக்கானோரின் வாழ்வும் முடங்காது. திருநங்கையான பிரித்திகா யாஷினியின் உதவி ஆய்வாளர் பணிக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியால்தான் அவர் தேர்வில் பங்கேற்றார். 2015 நவம்பரில் தீர்ப்பும் அவர் பக்கம் வந்தது.

தனி நீதிபதியின் உத்தரவு எதிராக வந்தால் 30 நாட்களுக்குள் ரிட் மேல்முறையீடு செய்ய வேண்டும்; அதற்காகச் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். சாதகமாக வந்தால், நகலை உங்கள் கடிதத்துடன் தேர்வாணையத்தில் நேரில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை பெறுங்கள். உத்தரவை நிறைவேற்றாவிட்டால், மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு தாக்கல் செய்ய வேண்டும்.