இறகுப்பந்து: புதிதாக ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறகுப்பந்து கற்க வருவோரில் பலர் முதல் நாளே ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் அடி) அடிக்க விரும்புகின்றனர். 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பதிவாகிக் கின்னஸ் சாதனையானதைப் படித்தவர்களுக்கு அந்த ஆசை எழுவது இயல்பே. ஆனால் அத்தகைய வேகம் தோள் வலிமையால் மட்டும் வருவதன்று. முன்கை உட்புறமாகச் சுழல்வதாலும், அடிக்கும் கணத்தில் விரல்கள் இறுகுவதாலும் வருவது. அந்தச் சுழற்சிக்கு இடம் தராத பிடியோடு ஓராண்டு ஆடினாலும் ஷட்டில் எதிராளியின் பின்கோடு வரை போய்ச் சேராது.

ஆகவே பிடியில் நேரும் பிழையையே முதலில் சொல்ல வேண்டும். மட்டையின் முகம் வலையைப் பார்க்குமாறு, தோசைத் திருப்பியைப் போலப் பிடிப்பதுதான் அது. இந்தப் பிடி முற்றிலும் தவறென்றும் சொல்வதற்கில்லை; வலையை ஒட்டி உயரமாக வரும் ஷட்டிலைத் தட்டி வீழ்த்தத் தேர்ந்த ஆட்டக்காரர்களும் இதைக் கையாள்கின்றனர். எல்லா அடிக்கும் இதையே நம்புவதில்தான் சிக்கல். கைகுலுக்க நீட்டுவதுபோல் கையை நீட்டி, மட்டையின் விளிம்பு தரையை நோக்கியிருக்கப் பிடித்தால் முன்கை தடையின்றிச் சுழலும். புறங்கை முன்னால் இருக்க அடிக்கும் பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலைக் கைப்பிடியின் அகன்ற பட்டையில் ஊன்ற வேண்டும். ஷட்டில் வரும்வரை பிடி தளர்ந்தே இருக்கட்டும். எந்நேரமும் இறுக்கிப் பிடிப்பவருக்கு முழங்கை வலி விரைவில் வந்துவிடுகிறது.

அடுத்தது கால். ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய பரப்பு 6.7 மீட்டர் நீளமும் 5.18 மீட்டர் அகலமும் கொண்டது. தாம் அடித்த அடியை ரசித்தபடி நின்ற இடத்திலேயே நிற்பவரால் அதைக் காக்க இயலாது. அடித்தவுடன் நடுப்பகுதிக்குத் திரும்புவதும், எதிராளி அடிக்கும் கணத்தில் முன்பாதங்களில் சிறு துள்ளல் போடுவதும் பழக்கமாக வேண்டும். மொட்டைமாடியில் ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை. ஐந்து கிராம் அளவே எடையுள்ள ஷட்டிலைக் காற்று எங்கே தள்ளுமோ என்று காத்துநின்ற கால்கள் அவர்களுடையவை.

சர்வீஸில் விதி தெரியாமல் புள்ளியை இழப்போர் ஏராளம். பன்னாட்டுப் போட்டிகளில், அடிபடும் கணத்தில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். சர்வீஸ் முடியும்வரை இரு பாதங்களும் தரையைவிட்டு அகலவோ இழுபடவோ கூடாது. இரட்டையர் ஆட்டத்தில் இன்னொரு பொறி உண்டு: சர்வீஸுக்கு மட்டும் பின் எல்லை, கடைக்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஒற்றையரில் நன்றாக விழுந்த அதே நீள சர்வீஸ் இங்கே வெளியே போய்விடும்.

மட்டைக்குப் பல ஆயிரம் செலவிட்டு, வீட்டில் கிடக்கும் ஓட்டக் காலணியோடு களமிறங்குவோரும் உண்டு. குதிகால் உயர்ந்த அந்தக் காலணிகள் நேராக ஓடுவதற்கென உருவானவை; பக்கவாட்டில் பாய்ந்து நிற்கையில் கணுக்கால் பிசகும். வாங்குவதானால் காலணியை முதலில் வாங்குங்கள். மட்டை சில மாதம் காத்திருக்கலாம்.