வயதாகும் குவார்ட்டர்பேக்கை விற்பதா, வேண்டாமா? கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, எங்கள் லீக்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, என் குவார்ட்டர்பேக்குக்கு வயசாயிடுச்சு. இப்ப டிரேட் பண்ணிட்டா அவரோட சம்பளம் மொத்தமும் மிச்சம்தானே? அதை வச்சு ரெண்டு ரிசீவர் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தைகள். அவருக்கு அன்றிரவு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வருடம் மட்டும் மூன்று பேர் இதே இடத்தில் தடுக்கி விழுந்துவிட்டார்கள்.

எங்களுடையது கொஞ்சம் கண்டிப்பான ஃபேண்டசி லீக், அதாவது நிஜ வீரர்களை வைத்து நண்பர்கள் கற்பனை அணி நடத்தும் விளையாட்டு. அட்லாண்டாவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு அணியை வைத்திருக்கிறோம். வீரர்களின் ஒப்பந்தம், போனஸ், ஆண்டுச் சம்பள வரம்பு (ஒரு அணி ஒரு வருடத்தில் சம்பளக் கணக்கில் எழுதலாம் என்ற உச்சத் தொகை) எல்லாம் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் எப்படியோ அப்படியே எங்கள் லீக்கிலும். அந்த வரம்பில் மிச்சமாவதைத்தான் கீழே 'இடம்' என்று சொல்கிறேன். அதனால் நிஜ அணிகளின் நிர்வாகிகள் மாட்டும் சிக்கலில் நாங்களும் மாட்டுவோம்.

முன்பின் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று மூன்று நான்கு நொடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். அவர் எறிவதை ஓடிப் பிடிப்பவர் ரிசீவர். அணியிலேயே பெரிய சம்பளம் பெரும்பாலும் அவருக்குத்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஊரே கொண்டாடிய ஒருவருக்கு 35, 36 வயதானதும் ஒவ்வொரு அணிக்கும் அந்தக் கேள்வி வரும்: இப்போதே விற்றுவிடலாமா (அதாவது டிரேட்: இன்னொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு எதையாவது வாங்குவது), இன்னும் ஒரு வருடம் பார்க்கலாமா?

ஒரு ஆட்டம் சொதப்பியதற்காக விற்பது, காயத்தில் கிடப்பவரை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

வயதை மட்டும் பார்ப்பது

டாம் பிரேடி என்ற குவார்ட்டர்பேக் 42 வயதில் நியூ இங்கிலாந்தை விட்டு டாம்பாவுக்குப் போனார். 2021 பிப்ரவரியில், 43 வயதில், அங்கே சூப்பர் பவுல் என்ற கோப்பை இறுதி ஆட்டத்தை வென்றார். இன்னொரு குவார்ட்டர்பேக் மேட் ரையன் 37 வயதில் இண்டியானாபொலிஸில் பாதி சீசனிலேயே பெஞ்சுக்குப் போனார். பிறந்த தேதி ஒன்றும் சொல்லாது. கால் நகர்கிறதா, முன்னால் நிற்கும் தடுப்பு வரிசை தாங்குகிறதா என்று பாருங்கள்.

டெட் மணியைத் தப்பாகப் படிப்பது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இன்னும் என்னை எரிச்சல்படுத்துவது இந்த ஒரு தவறுதான்.

முதலில் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வீரருக்கு ஐந்து வருட ஒப்பந்தம், கையெழுத்துப் போடும்போது 5 கோடி டாலர் போனஸ் என்று வையுங்கள். பணம் அவர் கைக்குச் சீக்கிரமே போய்விடும். ஆனால் சம்பள வரம்புக் கணக்கில் அதை வருடத்துக்கு 1 கோடி என்று ஐந்தாகப் பிரித்து எழுதலாம். ஐந்து வருடத்துக்கு மேல் நீட்ட முடியாது. இரண்டு வருடம் ஆடிய பிறகு அவரை விற்றால், அடிப்படைச் சம்பளத்தை வாங்கும் அணி கொடுக்கும். இன்னும் எழுதப்படாத 3 கோடி போனஸ் மட்டும் விற்ற அணியின் தலையில், அதே வருடத்தில், மொத்தமாக இறங்கும். ஆள் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருப்பார், அவர் பெயரில் இங்கே 3 கோடி இடம் அடைத்துக்கொண்டிருக்கும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கோப்பை ஆசையில் இருக்கும் அணி, இந்த வருடம் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று அவருடைய அடிப்படைச் சம்பளத்தை எடுத்து போனஸாக மாற்றும். அதுவும் மீதி வருடங்களுக்குப் பிரிந்துபோகும். அடுத்த வருடமும் அதையே செய்யும். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு இடம் கிடைக்கும், நாளைக்கு எழுத வேண்டியது கூடும். வீரருக்கு வயது ஏற ஏற அவர் பெயரில் தேங்கும் தொகையும் ஏறிக்கொண்டே போகும்.

2018ல் நான் செய்தது இதைத்தான். என் குவார்ட்டர்பேக்கின் ஒப்பந்தத்தை அடுத்தடுத்து இரண்டு வருடம் அப்படி மாற்றி எழுதினேன். அப்புறம் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு (வருடாவருடம் டிராஃப்டில் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும்போது ஒருவரை எடுக்கும் உரிமை) அவரை விற்றேன். 3 கோடி டாலர் இடம் கிடைத்துவிட்டது என்று மனதில் கணக்குப் போட்டு, அதே வாரத்தில் இரண்டு ரிசீவர்களோடு ஒப்பந்தம் பேசி முடித்தேன். லீக் கணக்கைப் பார்க்கும் நண்பர் மறுநாள் காலை தாளை அனுப்பினார். கிடைத்த இடம் 40 லட்சம். பேசிய ஒப்பந்தத்தைக் காப்பாற்ற, நன்றாக ஆடிக்கொண்டிருந்த மூன்று பேரை விடுவிக்க வேண்டியதாயிற்று. அந்த சீசன் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் அதற்கு அடுத்து வந்தது. சூடு பட்டதும் எதிர்ப்பக்கம் ஓடினேன். அடுத்து என்னிடம் இருந்த குவார்ட்டர்பேக்குக்கு 35 வயதானபோது நல்ல விலைக்கு ஒருவர் கேட்டார். தாளைப் பார்த்தேன். விற்றால் 2 கோடி டெட் மணி. ஐயோ, 2 கோடி போகுமா என்று மறுத்துவிட்டேன். அவரை வைத்துக்கொள்ளவும் இடம் வேண்டுமே, அதற்காகத் திரும்பவும் சம்பளத்தை போனஸாக்கினேன். ஒரு வருடம் கழித்து அந்த 2 கோடி இப்போது 3 கோடியாக ஆகியிருந்தது. கேட்க ஆளும் இல்லை.

அந்த 2 கோடி நான் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம். அவரை விற்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும், வைத்திருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். எந்த வருடத்தில் எழுதுகிறோம் என்பதில் மட்டும்தான் வித்தியாசம். விற்பதால் புதிதாகப் போகும் காசு அதில் ஒன்றுகூட இல்லை. இனிமேல் கொடுக்கப்போகும் சம்பளத்துக்கு அவர் ஆடுவாரா, அந்தப் பணத்தில் வேறு யாரை வாங்கலாம், விற்றால் என்ன கிடைக்கும் என்ற மூன்றை மட்டும் எடைபோட்டிருக்க வேண்டும். டெட் மணி அந்தத் தராசில் ஏறவே கூடாது. இந்த வருடம் அதைத் தாங்க இடம் இருக்கிறதா என்று தனியாக, கடைசியாகப் பார்க்க வேண்டும்.

இதை நிஜத்தில் பார்க்க எனக்குத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் அணி அட்லாண்டா ஃபால்கன்ஸ். 2008 முதல் 14 சீசன் அவர்களுக்கு ஆடியவர் மேட் ரையன். 2016ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். அவருடைய ஒப்பந்தத்தை அட்லாண்டா திரும்பத் திரும்ப மாற்றி எழுதிக்கொண்டே வந்தது. 2022 மார்ச்சில் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு அவரை இண்டியானாபொலிஸுக்கு விற்றபோது விழுந்த டெட் மணி 4 கோடியே 5 லட்சம் டாலர். ஒரு தனி வீரர் பெயரில் அதுவரை இல்லாத தொகை. அந்த ஆண்டு ஒரு அணிக்கு மொத்த வரம்பே 20 கோடியே 82 லட்சம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அணியிலேயே இல்லாத ஒருவருக்கு. வைத்திருந்தால் கணக்கில் 4 கோடியே 87 லட்சம் அடைத்திருப்பார். ஆக, விற்றதில் அந்த வருடம் கிடைத்த இடம் 80 லட்சத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் "80 லட்சத்துக்காகவா ரையனை விற்றார்கள்?" என்று கேட்டார்கள். என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான்: விற்றது சரி. 4 கோடியும் பழைய வருடங்களின் செலவு. அதை ஒரே வருடத்தில் எழுதி முடித்ததால் 2023ல் ரையன் பெயரில் ஒரு டாலர்கூட இல்லை, ஜெஸ்ஸி பேட்ஸ் போன்ற ஒரு தடுப்பாட்டக்காரரை வெளியிலிருந்து கொண்டுவர முடிந்தது. இண்டியானாபொலிஸில் ரையன் ஆடியதைப் பார்த்தவர்கள், அவரை இன்னொரு வருடம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாங்களே சொல்லிக்கொள்ளலாம். அட்லாண்டாவின் தவறு விற்றதில் இல்லை. வருடாவருடம் தள்ளிப்போட்டதில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

வாங்குகிறவர்களும் இதே குழியில் விழுவார்கள். 2022ல் டென்வர் 33 வயது ரஸ்ஸல் வில்சனுக்காக சியாட்டிலுக்கு இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வும் மூன்று வீரர்களும் கொடுத்து, ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் சேர்த்து வாங்கியது. அதோடு நிற்காமல், அவர் அங்கே ஒரு ஆட்டம் ஆடும் முன்பே பெரிய ஒப்பந்த நீட்டிப்பும் கொடுத்தது. இரண்டே சீசன். 2024 மார்ச்சில் விடுவித்தபோது இரண்டு வருடத்தில் எழுத வேண்டிய டெட் மணி 8.5 கோடி டாலர். சியாட்டில் விற்றபோது தாங்கியது 2.6 கோடி. அந்தத் தேர்வுகளில் ஒன்றில்தான் டெவன் விதர்ஸ்பூன் என்ற தடுப்பாட்டக்காரர் சியாட்டிலுக்கு வந்தார்.

பெஞ்சில் ஆள் இல்லாமல் விற்பது

அட்லாண்டாவின் இன்னொரு தவறு இதுதான். ரையன் போன பிறகு குவார்ட்டர்பேக்காக மரியோட்டா, அப்புறம் ரிடர். இரண்டு சீசனும் 7-10, அதாவது 7 வெற்றி, 10 தோல்வி.

இதைவிடப் பெரிய சரிவு ஹூஸ்டனில் நடந்தது. 1993ல் வாரன் மூன் குவார்ட்டர்பேக்காக இருந்த ஹூஸ்டன் ஆயிலர்ஸ் 12-4. 1994ல்தான் சம்பள வரம்பு அமலுக்கு வந்தது. 37 வயது மூனை மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டு, கார்ல்சன் என்பவரை நம்பினார்கள். அவர் காயப்பட்டார். அந்த வருடம் ஹூஸ்டன் 2-14. மூன் மினசோட்டாவில் அடுத்தடுத்து இரண்டு சீசன் 4,000 கெஜத்துக்கு மேல் எறிந்தார்.

சான் ஃபிரான்சிஸ்கோ 1993ல் தன் பெரும் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானாவையே கான்சஸ் சிட்டிக்கு அனுப்பியது. ஊரே அழுதது. ஆனால் ஸ்டீவ் யங் ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்தார். 1995 ஜனவரியில் யங் ஆறு முறை டச்டவுனுக்கு (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்து சூப்பர் பவுல் வென்றார்.

முதல் வருடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

கிரீன் பே 2008ல் பிரெட் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு விற்று, மூன்று வருடம் பெஞ்சில் இருந்த ஆரன் ராஜர்ஸை இறக்கியது. அந்த சீசன் கிரீன் பே 6-10, ஜெட்ஸ் 9-7. மறு வருடம் ஃபார்வ் மினசோட்டாவுக்கு வந்து கிரீன் பேயை இரண்டு முறை தோற்கடித்தார். எவ்வளவு பேச்சு கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். 2011 பிப்ரவரியில் ராஜர்ஸ் சூப்பர் பவுல் வென்றார்.

நிபந்தனை விலையைக் கையில் வந்த விலையாக எண்ணுவது

அதே ராஜர்ஸை 2023ல் கிரீன் பே அதே ஜெட்ஸுக்கு விற்றது. கிடைத்தவற்றில் ஒன்று 2024ன் இரண்டாம் சுற்றுத் தேர்வு. ராஜர்ஸ் 2023 சீசனில் அணியின் தாக்குதல் நகர்வுகளில் 65 சதவீதத்தில் களத்தில் இருந்தால் அது முதல் சுற்றாக உயரும் என்று நிபந்தனை. செப்டம்பர் 11, முதல் ஆட்டம், பந்து அவர் கைக்கு வந்த நான்காவது முறை, குதிகால் தசைநார் அறுந்தது. அவருக்கு அப்போது 39 வயது. தேர்வு இரண்டாம் சுற்றிலேயே நின்றது. கிரீன் பே நிச்சயமாகக் கிடைப்பதையும் போதுமான அளவு வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தது. எங்கள் லீக்கில் புதியவர்கள் "முதல் சுற்று கிடைக்கும்" என்று நண்பர்களிடம் சொல்லும்போதே நான் கேட்பது, அந்த நிபந்தனை நடக்காவிட்டால் இந்த விலைக்கு விற்பாயா என்றுதான்.

வாங்க 31 அணிகள் இருப்பதாக நினைப்பது

இருக்காது. வில்சனிடம் டிரேடை மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது. அது இல்லாதவரும் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் போதும். இரண்டு மூன்று அணிகள்தான் உண்மையில் வாங்கும்.

ஒரே பிரிவில் இருப்பவருக்கு விற்கவே கூடாது என்பது

ஒரே பிரிவில் இருக்கும் அணிகள் ஒரு சீசனில் இரண்டு முறை மோதும், அதனால்தான் பயப்படுகிறார்கள். 2010ல் ஃபிலடெல்ஃபியா தன் பிரிவிலேயே இருக்கும் வாஷிங்டனுக்கு டொனோவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை விற்றது. அந்த நவம்பரில் வாஷிங்டனுக்கே போய் 59-28 என்று வென்றது.

தேதி

மார்ச் பாதியில் புது ஆண்டுக் கணக்கு தொடங்கும். அதை ஒட்டித்தான் பெரிய போனஸ்களின் கெடு வரும். 2012ல் பேட்டன் மேனிங்குக்கு 2.8 கோடி டாலர் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் இண்டியானாபொலிஸ் அவரை விடுவித்தது. இன்னொரு தேதி ஜூன் 1. அதற்குப் பிறகு விற்றால் இந்த வருடப் போனஸ் பங்கு மட்டும் இந்த வருடக் கணக்கில் வரும், மீதி அடுத்த வருடத்துக்குப் போகும். சுமை இரண்டாகப் பிரிவது நல்லதுதான். ஆனால் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியிலேயே முடிந்துவிடும், அதனால் கிடைக்கும் தேர்வுகள் அடுத்த வருடத்தவை. அதற்குள் மற்ற அணிகளும் தங்களுக்கு வேண்டிய குவார்ட்டர்பேக்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒப்பந்தத் தாளைத் திறந்து மீதி போனஸ் எவ்வளவு என்று படிக்கச் சொன்னேன். 2 கோடியே 20 லட்சம் என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி அண்ணா, அந்த ரிசீவர் ரெண்டு பேர்கிட்டயும் முதல்ல பேசிடறேன்" என்று போனை வைத்தார். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. விற்பதா வேண்டாமா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.