கூழாங்கல்லைப் பளபளப்பாக்குவது எப்படி? முதல் கல்லைத் தேய்க்கும் முன்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஈரமாகக் கிடக்கும் கல் கண்ணைப் பறிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து காயவிட்டால் வெளிறிப்போகும். அந்த ஈர மினுமினுப்பு நிலைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் கல் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்று வார இறுதிகள் ஒரே கல்லோடு மல்லுக்கட்டியதில் என் விரல்தான் வழவழப்பானது. "அம்மி கொத்துறவங்கள கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாங்களே" என்று அம்மா சிரித்தார். என்ன கல் என்றே தெரியாமல் தேய்த்ததுதான் கோளாறு.

சரி, அடையாளம் காண்பதிலிருந்து தொடங்கலாம். கடற்கரைக் கல்லை ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கிரானைட். அதனால் நம் கல்லில் மூன்று பொருள்கள் கலந்து தெரியும்: கண்ணாடித் துண்டு போன்ற சாம்பல் நிறக் குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் ஃபெல்ட்ஸ்பார், கறுப்புச் செதிலாக மைக்கா. பெரியவர்கள் காக்காப்பொன் என்பார்களே, அந்த மைக்காதான்.

அடுத்தது கீறல் சோதனை. 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் நகம் சுமார் 2.5, கண்ணாடி 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. பழைய பாட்டிலை மேசைமேல் வைத்து, கல்லின் முனையால் அழுத்தி இழுங்கள். பிறகு கோட்டை ஈர விரலால் துடையுங்கள். இதை மறக்காதீர்கள். துடைத்ததும் போய்விட்டால் அது கல் உதிர்த்த மாவு. அப்படியே நின்றால்தான் கீறல்; அதாவது, கல் கண்ணாடியைவிடக் கடினம்.

கண்ணாடியைக் கீறாத கல்லை ஆணியால் கொஞ்சம் சுரண்டி, அந்த மாவில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். குமிழ் வந்தால் சுண்ணாம்புக்கல் அல்லது சலவைக்கல். பத்துமலையும் ஈப்போ குன்றுகளும் சுண்ணாம்புக்கல்தான். அதற்காக அங்கே போய் உடைத்து எடுக்க வேண்டாம். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவிலும் கல்லை எடுக்காதீர்கள்.

கிரானைட் ஏன் என்னைத் தோற்கடித்தது என்று இப்போது புரியும். குவார்ட்ஸ் அசையாது, மைக்கா பெயர்ந்து விழுந்து குழியாகும், மேடும் பள்ளமும் மிஞ்சும். அந்தக் கல் இப்போது சமையலறையில் இஞ்சி தட்டுகிறது. உங்கள் முதல் கல் சலவைக்கல்லாக இருக்கட்டும். அதன் கடினம் 3தான். கல் வெட்டும் கடையில் கேட்டால் உடைந்த துண்டு கிடைக்கலாம்.

ஹார்ட்வேர் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு மணல்தாளை 120, 220, 400, 600, 1000, 2000 என்ற எண்களில் வாங்குங்கள். எண் கூடக் கூட மணல் நுணுக்கமாகும். எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும், ஏனென்றால் கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது. குவார்ட்ஸ் தூசி ரொம்பவே மோசம்.

பாதி வேலை 120லேயே முடிந்துவிடும். குழியும் மேடும் அங்கேயே போக வேண்டும். பிறகு வரும் தாள்களால் அவற்றைச் சரிசெய்ய முடியாது. தாளை மாற்றும்போது தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடுகள் முழுக்க மறைந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் போகலாம். கல்லைக் காயவைத்துப் பாருங்கள்; ஈரம் கோடுகளை மறைத்து ஏமாற்றும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கல், கை, பேசின் மூன்றையும் கழுவுங்கள். 120இன் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் 1000இல் கீறல் விழும். எனக்கு விழுந்தது. திரும்ப 220க்குப் போனேன்.

2000 முடிந்ததும் பழைய ஜீன்ஸ் துணியை ஈரமாக்கி, அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் மாவை வைத்து அழுத்தித் தேய்த்தால் விளக்கின் பிம்பம் கல்லில் தெரியும். பளபளப்பாக்கிய அந்தப் பக்கத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ படக்கூடாது. பட்ட இடம் மங்கிவிடும்.

கடினமான குவார்ட்ஸ் கூழாங்கற்களைக் கையால் தேய்ப்பது வீண் வேலை. அவற்றுக்கு டம்ளர் என்ற உருட்டும் இயந்திரம் வேண்டும். நான்கு கட்டங்கள், கட்டத்துக்குச் சுமார் ஒரு வாரம், ராத்திரி பகல் ஓடும். பிளாட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டையும் யோசியுங்கள். அப்புறம், அதில் மிஞ்சும் சேற்றைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் படியவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை வடித்து, கசடைக் குப்பையில் போடுங்கள்.